எண்ணில் வரைந்த எல்லை

மேசை மேல் வைக்கும் சிறிய சிஎன்சி இயந்திரம் தன் பாதையின் கடைசியில் போய் முட்டினால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். மரப்பலகையையோ அக்ரிலிக்கையோ வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைக் கேட்டவர்களின் கை தானாகவே சுவிட்சுக்குப் போகும். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. தான் எங்கே நிற்கிறோம் என்று இயந்திரம் அதுவரை வைத்திருந்த கணக்குதான் கெட்டுப்போயிருக்கும்.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நம் ஊரில் பலரும் முதலில் வாங்குவது 3018 என்ற வகை. 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம் என்பதால் அந்தப் பெயர். மூன்று அச்சுக்கும் மூன்று ஸ்டெப்பர் மோட்டார். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்ற 200 படிகள். டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 3,200 துடிப்புகள். மோட்டாரோடு இணைந்த திருகு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தினால், ஒரு மி.மீட்டருக்கு 800 துடிப்புகள். கன்ட்ரோலர் 8,000 துடிப்புகளை அனுப்பிவிட்டு ‘10 மி.மீ. போயிற்று’ என்று எழுதிக்கொள்கிறது. உண்மையில் போயிற்றா என்று திரும்பிப் பார்க்க அதனிடம் கண்ணும் இல்லை, கையும் இல்லை.

முட்டும்போது நடப்பது இதுதான். சுருள்களின் காந்தப்புலம் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுவரில் சிக்கிய சுழலி நகர முடியாமல் நிற்கிறது. ஒரு கட்டத்தில் இழுப்பு தாளாமல் சுழலி பின்வாங்கி அடுத்த பல்லில் போய் உட்காருகிறது. சுழலியில் 50 பற்கள் இருப்பதால் ஒரு நழுவல் 7.2 பாகை, அதாவது நான்கு முழுப் படிகள், 64 துடிப்புகள். நம் திருகில் அது 0.08 மி.மீ. தூரம். கரகர சத்தம் இந்த நழுவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதுதான். நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் ஓடும்போது ஒரு நொடி முட்டி நின்றால் எட்டு மி.மீட்டருக்கு மேல் கணக்கில் பிசகு. இயந்திரமோ தன் கணக்கு சரி என்றே நம்பி, அடுத்த கோடுகளையெல்லாம் எட்டு மி.மீ. தள்ளியே வெட்டிக்கொண்டு போகும்.

இதைத் தடுப்பதற்கு வந்ததுதான் சாஃப்ட் லிமிட். இத்தனை தூரம்தான் உன் உலகம், அதற்கு வெளியே யார் கூப்பிட்டாலும் போகாதே என்று கன்ட்ரோலரிடம் எண்ணாகவே சொல்லி வைப்பது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகளிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், இன்று சென்னை மாவட்டத்துக்குள் போய்விட்டாலும் இந்தத் தொழிற்பட்டையின் தாய்வீடான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சிஎன்சி லேத்தோ, விஎம்சி என்ற செங்குத்து மெஷினிங் சென்டரோ பார்த்திராத தெரு குறைவு. அம்பத்தூர் பேட்டை 1964-இல் தொடங்கியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-இல். 1998-இல் திருவள்ளூர் அருகே லான்சர் கார் தயாரிப்பு தொடங்கியது. உலோகத்தை நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் வெட்டத் தெரிந்த கைகள் இங்கே தலைமுறையாக இருக்கின்றன. அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஸ்டெப்பர் மோட்டாரும் அர்டுயினோ பலகையும் வாங்கிவந்து தாங்களே ஓர் இயந்திரம் கட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை.

பெரிய இயந்திரத்தில் இந்த எல்லை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் சின்னதில் அது ஏன் தடுமாறுகிறது என்பது விளங்கும். எண்ணால் ஓட்டும் இயந்திரம் முதன்முதலில் பொதுப் பார்வைக்கு வந்தது 1952-இல், அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில். ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸின் யோசனையிலிருந்து பிறந்த திட்டம் அது. துளையிட்ட நாடா கட்டளை சொல்லும். மேசை எங்கே இருக்கிறது என்று திரும்பத் தகவல் வரும். கட்டளைக்கும் இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்துகொண்டே போவதுதான் சர்வோ. ஜப்பானில் ஃபுஜிட்சுவுக்குள் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி 1972-இல் ஃபானக் என்று தனி நிறுவனமாயிற்று. நம் பட்டறைகளில் அந்தப் பெயரைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது.

ஃபானக் கன்ட்ரோலரில் ஒவ்வொரு அச்சுக்கும் பிளஸ் பக்க எல்லை 1320-ஆம் பாராமீட்டரில், மைனஸ் பக்க எல்லை 1321-இல். பிளஸ் பக்கம் அதைத் தொட்டால் 500 அலாரம், மைனஸ் பக்கம் 501. அதையும் தாண்டிப்போய் உண்மையான சுவிட்சை, அதாவது ஹார்டு லிமிட்டை, அழுத்தினால் 506 அல்லது 507. ‘ஓவர் டிராவல் ஆயிடுச்சு’ என்று ஆபரேட்டர் சொல்லும்போது அனுபவமுள்ள செட்டர் முதலில் கேட்பது எந்த நம்பர் என்றுதான். 500 என்றால் எதிர்ப்பக்கம் ஜாக் செய்து, அதாவது பட்டனால் நகர்த்தி, ரீசெட் அடித்து வேலையைத் தொடரலாம். 506 என்றால் ஓ.டி. ரிலீஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே கொண்டுவர வேண்டும். அதோடு, 500-ஐத் தாண்டி அது அங்கே எப்படிப் போனது என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருபவர்கள் தினமும் இந்த இரண்டு அடுக்கையும் பார்க்கிறார்கள். மூர் மார்க்கெட் வளாகத்தில் தண்டவாளம் முடிகிறது. கடைசியில் தடுப்புக்கட்டை இருக்கிறது. ஆனால் ஒரு வண்டியும் அந்தக் கட்டையை நம்பி உள்ளே வருவதில்லை. வெகு தூரத்திலேயே சிக்னல் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஓட்டுநர் கட்டைக்கு முன்பே நிறுத்துகிறார். சிக்னல் வேலை சாஃப்ட் லிமிட்டுடையது, கட்டையின் வேலை ஹார்டு லிமிட்டுடையது. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை எடுத்துவிட முடியாது.

பெரிய இயந்திரத்திலும் இந்த எல்லைக்கு ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: ரெஃபரன்ஸ். ‘பூஜ்யம் இங்கே’ என்று இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தால்தான் 1320-இல் எழுதிய எண்ணுக்குப் பொருள் உண்டு. புதிய இயந்திரங்களில், மோட்டாரின் இருப்பிடத்தை அளக்கும் என்கோடரின் நினைவை ஒரு சிறு பேட்டரி காப்பாற்றுகிறது. பேட்டரி தீர்ந்தால் 300 அலாரம் வந்து, மறுபடி ரெஃபரன்ஸ் எடு என்று நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரமில்லாமல் நாள் கணக்கில் இயந்திரங்கள் கிடக்க நேரும் ஊரில் அந்தச் சிறு பேட்டரியின் அருமை செட்டர்களுக்குத்தான் தெரியும். அப்படி மறுபடி எடுக்கும்போது மோட்டார் ஒரு சுற்று தள்ளி பூஜ்யம் வைத்துவிட்டால், திருகின் ஒரு புரி அளவுக்கு வேலையும் தள்ளும், எல்லையும் தள்ளும். பாராமீட்டரில் எண் மாறாமல் அப்படியே இருக்கும்; அது காட்டும் இடம்தான் மாறியிருக்கும்.

சின்ன இயந்திரத்தின் கதை முழுக்க இதே ஆதாரத்தைப் பற்றியதுதான். அங்கே என்கோடரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் அது தன் இடத்தை மறந்துவிடும்.

பெரும்பாலான 3018-களில் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் தொடங்கியது. 2011 முதல் சங்யன் ஜியான் அதை வளர்த்தெடுத்தார். இலவசம், மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. 32 கிலோபைட் நிரல் இடமும் 2 கிலோபைட் நினைவகமும் கொண்ட அர்டுயினோ ஊனோவுக்குள், மூன்று அச்சுகளின் வேகம், முடுக்கம், வளைவு எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள். அதன் நிரலைத் திறந்து படித்தால் உண்மையான மரியாதை வருகிறது. எல்லைச் சோதனை அதில் சில வரிகள்தான். போகச் சொன்ன இடம் பூஜ்யத்தைவிடப் பெரிதா? அல்லது மைனஸ் பக்கம் அதிகபட்சத் தூரத்தைவிடத் தள்ளியா? இரண்டில் ஒன்று ஆம் என்றால் ஓட்டத்தை நிதானமாக நிறுத்தி, இரண்டாம் எண் அலாரத்தைக் கொடு. அவ்வளவுதான்.

அந்த ‘பூஜ்யத்தைவிடப் பெரிதா’ என்ற கேள்விதான் புதியவர்களைத் திணறடிக்கிறது. இயந்திரம் சுவிட்சைத் தேடிப்போய்த் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஹோமிங்; அந்த இடம்தான் வீடு. ஜிஆர்பிஎல்லின் வழக்கப்படி வீடு என்பது வலது, பின்புற மூலை, இசட் அச்சுக்கு உச்சி. அங்கேதான் பூஜ்யம். ஆகவே இயந்திரம் போகக்கூடிய எல்லா இடமும் மைனஸ் எண்ணில் வரும். 300 மி.மீ. பாதை என்றால் எக்ஸ் அச்சு 0-இலிருந்து -300 வரை. ஹோமிங் முடிந்ததும் திரையில் -1.000 என்று நிற்பதைப் பார்த்து ஏதோ தவறு என்று நினைப்பார்கள். தவறில்லை; சுவிட்சைத் தொட்ட பின் ஒரு மி.மீ. விலகி நிற்கிறது, $27 என்ற அமைப்பு சொல்வதற்கேற்ப. $23-ஐ மாற்றி வீட்டை இடது, முன் மூலைக்குக் கொண்டுவந்தால் ஹோமிங் முடிவில் -299.000 என்று காட்டும். இதுவும் சரியே. வீடு இடம் மாறினாலும் உலகம் மைனஸ் பக்கத்திலேயேதான் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இங்கிருந்தே வருகிறது. ஹோமிங் இயக்கிய இயந்திரம் மின்சாரம் போட்டவுடன் பூட்டிக்கொண்டு நிற்கும். $எச் கொடுத்தால் வீட்டுக்குப் போகும். $எக்ஸ் கொடுத்தால் பூட்டு மட்டும் திறக்கும். அவசரத்தில் $எக்ஸ் கொடுப்பவர்கள் பலர். அப்போது மேசை எங்கே நிற்கிறதோ அதையே பூஜ்யம் என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. பிளஸ் பக்கம் பத்து மி.மீ. போகச் சொன்னால் உடனே அலாரம், கண்ணெதிரே காலி இடம் கிடந்தாலும். மைனஸ் பக்கம் போகச் சொன்னால் இன்னும் மோசம், அந்தப் பக்கம் இடமே இல்லாவிட்டாலும் 300 மி.மீ. இருக்கிறது என்று நம்பி ஓடும். சாஃப்ட் லிமிட்டால் பயனில்லை என்று அதை அணைத்துவிடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில் இடறியவர்கள்தான். ஹோமிங்கை இயக்காமல், சாஃப்ட் லிமிட்டை இயக்கும் $20=1 என்று போட்டால் பத்தாம் எண் பிழை காட்டி ஜிஆர்பிஎல் மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பு மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. பூஜ்யம் தெரியாதவனிடம் எல்லை கேட்டால் என்ன சொல்வான்?

ஆகவே வேலை சுவிட்சிலிருந்து தொடங்குகிறது. ஆரம்ப விலை 3018 பெட்டிகள் பலவற்றில் லிமிட் சுவிட்சே இருக்காது. மூன்று மைக்ரோ சுவிட்சுகள் போதும், அச்சுக்கு ஒன்று. அவற்றை ‘நார்மலி க்ளோஸ்டு’ முறையில் இணைப்பது நல்லது. வயர் அறுந்தால் உடனே தெரிந்துவிடும். டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாரின் வயரும் சுவிட்ச் வயரும் ஒன்றாகக் கட்டி ஓடினால் மோட்டாரின் மின்னிரைச்சல் சுவிட்ச் வயரில் ஏறி, யாரும் தொடாமலே ஹார்டு லிமிட் அலாரம் வரும். உறையிட்ட கேபிளைப் போட்டு, இரண்டையும் தள்ளி ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ரிச்சி தெருவில் கிடைக்கும் சிவப்பு நிற சிஎன்சி ஷீல்டு மூன்றாம் பதிப்பை வைத்துக் கட்டுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பலகையில் இசட் லிமிட் என்று அச்சிட்டிருக்கும் ஊசி பழைய ஜிஆர்பிஎல்லுக்கானது. அது 11-ஆம் பின். புதிய பதிப்புகளில் ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்த அந்தப் பின் தேவைப்பட்டதால், இசட் லிமிட் 12-ஆம் பின்னுக்குப் போய்விட்டது. பலகையில் அந்த இடத்தில் ஸ்பிண்டில் இயக்கம் என்று போட்டிருக்கும். எழுத்தை நம்பி இணைத்தவர்களுக்கு எக்ஸும் ஒய்யும் ஒழுங்காக வேலை செய்யும், இசட் மட்டும் சுவிட்சை அழுத்திக்கொண்டே மேலே ஏறப் பார்க்கும். ஹோமிங்கில் முதலில் நகர்வதே இசட் என்பதால் முதல் நாளே இந்தக் கரகர சத்தத்தைக் கேட்டுவிடுவார்கள்.

அடுத்தது அளவு. பெட்டியில் 300 என்று எழுதியிருப்பதை, எக்ஸ் அச்சின் அதிகபட்சத் தூரத்தைச் சொல்லும் $130-இல் அப்படியே போட வேண்டாம். ஸ்பிண்டில் தாங்கி, நட்டு, இப்போது நீங்கள் வைத்த சுவிட்ச் எல்லாம் இடம் பிடித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வேறு. $20=0 என்று வைத்துக்கொண்டு, டூலைக் கழற்றி, ஸ்பிண்டிலை நிறுத்தி, வீட்டுக்கு அனுப்புங்கள். பிறகு எக்ஸ் அச்சை எதிர்ப்பக்கம் ஜாக் செய்துகொண்டே போங்கள். முடிவு நெருங்கும்போது ஒரு மி.மீ. ஒரு மி.மீட்டராக. முட்டுவதற்கு இரண்டு மி.மீ. இருக்கும்போது நிறுத்தித் திரையில் இயந்திர ஆயத்தொலைவைப் பாருங்கள். -286.000 என்றால் உங்கள் $130 இனி 286. அதேபோல ஒய்யுக்கு $131, இசட்டுக்கு $132. இந்த எண்ணை மனம்போனபடி குறைத்து எழுதினால் இடம் வீணாவதோடு நிற்காது. ஹோமிங்கில் சுவிட்சைத் தேடிப் போகும் தூரத்தையும் ஜிஆர்பிஎல் இதே எண்ணின் ஒன்றரை மடங்காகத்தான் வைத்திருக்கிறது. மிகக் குறைத்துவிட்டால் மறுமூலையிலிருந்து சுவிட்சை எட்டாமலே ஒன்பதாம் எண் அலாரம் கொடுத்து நின்றுவிடும்.

அளவுக்கு முன்னால் $100-ஐச் சரிபார்த்தீர்களா என்பதும் முக்கியம். 100 மி.மீ. போகச் சொல்லி ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மி.மீட்டருக்கு இத்தனை துடிப்பு என்ற கணக்கு தப்பாக இருந்தால் எல்லையும் அதே விகிதத்தில் தப்பும்.

எல்லாம் முடித்து $20=1 போட்ட பிறகு நடப்பதைக் கூர்ந்து கவனித்தால் ஓர் அழகு தெரியும். நேர்கோட்டுக் கட்டளை எல்லையைத் தாண்டினால், அந்தக் கோட்டில் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் இயந்திரம் மறுத்துவிடும். வட்ட வில்லில் அப்படி இல்லை. வில்லை ஜிஆர்பிஎல் சின்னச் சின்ன நேர்த்துண்டுகளாக நறுக்கித்தான் ஓட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதிக்கிறது. அதனால் வட்டம் தொடங்கும், எல்லைக்கு அருகில் வரும்வரை வெட்டும், தாண்டப்போகும் துண்டு வந்ததும் வேகத்தைக் குறைத்து நிற்கும். ஹார்டு லிமிட்டில் துடிப்பு சட்டென்று வெட்டப்படுவதால் படிகள் தொலைந்திருக்கலாம், மறுபடி வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். சாஃப்ட் லிமிட்டிலோ நிதானமாக நிற்பதால் இருப்பிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆனாலும் பாதி வெட்டிய பலகை வீண்தான். ஜிஆர்பிஎல் கோப்பு முழுவதையும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. வரி வரும்போதுதான் சோதிக்கிறது. நீங்கள் வடிவம் வரையும் மென்பொருளுக்கோ மேசையில் பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாது. 200 மி.மீ. அகலப் பெயர்ப்பலகைக்கு, வடிவம் தொடங்கும் புள்ளியான வேலைப் பூஜ்யத்தை இயந்திரக் கணக்கில் -150-இல் வைத்தால், அது +50 வரை போகக் கேட்கும். முக்கால் பாகம் செதுக்கிய பிறகு அலாரம். இதற்கு $சி என்ற சோதனை முறை இருக்கிறது. வேலைப் பூஜ்யத்தை வைத்த பிறகு, சோதனை முறையில் கோப்பை அனுப்பினால் மோட்டார் நகராமல் எல்லா வரியையும் வாசித்து, எல்லை மீறும் வரியைப் பிடித்துக் கொடுத்துவிடும். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் தேக்குப் பலகையில் கை வைக்க எனக்கு மனம் வராது.

சாஃப்ட் லிமிட்டுக்குத் தெரியாதவற்றையும் தெரிந்து வைத்திருங்கள். அதற்கு க்ளாம்ப் தெரியாது. வைஸ் தெரியாது. டூல் எவ்வளவு நீளம் என்று தெரியாது. இசட்டுக்கு 45 மி.மீ. பாதை என்றால், நீளமான டூல் மேசையைத் துளைத்துக்கொண்டு போனாலும் அதன் கணக்கில் எல்லை மீறவில்லை. வேலையின் நடுவே கடினமான முடிச்சில் டூல் சிக்கிப் படிகள் நழுவினால், அந்த நொடியிலிருந்து எல்லையும் நழுவிய இடத்தில்தான் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல பழக்கம் உண்டு: வேலை முடிந்ததும் இயந்திரத்தை வேலைப் பூஜ்யத்துக்கு அனுப்பி, தொடக்கத்தில் போட்ட பென்சில் குறியில் டூல் நுனி உட்காருகிறதா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, 0.08-ஆல் வகுத்துப் பாருங்கள். எத்தனை பல் நழுவியது என்று ஓரளவு தெரிந்துவிடும். வேகத்தையோ வெட்டும் ஆழத்தையோ குறைக்க அதுவே வழிகாட்டும்.

கவரைப்பேட்டையிலும் ஆவடியிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அம்பத்தூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. அங்கிருந்து பட்டறைக்குள் நுழையும் பிள்ளைகளில் பலருக்கு ஜி-கோடு எழுதத் தெரிகிறது. ரெஃபரன்ஸ் என்றால் என்ன, 500-க்கும் 506-க்கும் என்ன வித்தியாசம் என்பது லட்சக்கணக்கில் விலையுள்ள விஎம்சி முன்னால் நின்ற பிறகே தெரியவருகிறது. ஒரு 3018-ஐ அவர்கள் கையில் கொடுத்து, சுவிட்ச் பொருத்தி, பாதையை அளந்து, எல்லை எண்ணைத் தாங்களே எழுதச் செய்தால் ஒரு பிற்பகலில் அது கைவந்துவிடும். தெரியாமல் முட்டினாலும் போவது ஒரு நட்டோ ஒரு கப்ளிங்கோதான். ஆய்வகப் பாடத்தில் முதல் பயிற்சியாகவே இதை வைக்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் இயந்திரம் இருந்தால் இன்றே செய்து பாருங்கள். டூலைக் கழற்றுங்கள். $எச் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். பிறகு இயந்திரக் கணக்கில் +5-க்குப் போகும்படி ஜி53 ஜி0 எக்ஸ்5 என்று கட்டளையிடுங்கள். இரண்டாம் எண் அலாரம் வந்தால் எல்லை அமைந்துவிட்டது. எக்ஸ் அச்சு நகரத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு, $20-இலிருந்து மறுபடி சரிபாருங்கள்.